வாரண்டி முடிந்தால் கேரண்டியும் முடிந்ததா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் அக்கா ஒரு மிக்சி வாங்கினார். மூன்றாவது வாரமே பெரிய ஜாரின் அடியில் கசிவு. சட்னி அரைக்கும்போதெல்லாம் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "வாரண்டி மோட்டாருக்குத்தான்க்கா, ஜாருக்கு இல்ல" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. அட்டையிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. அக்கா பேசாமல் திரும்பிவிட்டார். அப்படித் திரும்பி வந்திருக்கக் கூடாது.

"கேரண்டி இருக்கா?" என்று நாம் கேட்போம், "ஒரு வருஷம் வாரண்டி" என்று பதில் வரும். தமிழில் எழுதினாலும் இரண்டுக்கும் உத்தரவாதம் என்றே போட்டுவிடுகிறோம். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாரண்டி என்பது தயாரிப்பாளரோ கடையோ எழுதித் தரும் வாக்கு. எந்தப் பாகத்துக்கு, எத்தனை மாதத்துக்கு, என்ன நிபந்தனையோடு என்பதெல்லாம் அவர்கள் முடிவு. "10 வருஷ மோட்டார் வாரண்டி" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் அது மோட்டாருக்கு மட்டும்தான். மற்ற பாகங்களுக்கும் வேலைக்கூலிக்கும் என்ன கணக்கு என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேரண்டி சட்டம் கொடுப்பது. வீட்டுத் தேவைக்கு நாம் வாங்கும் பொருள் பாதுகாப்பானதாக, குறையில்லாததாக, நீடித்து உழைப்பதாக இருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு. இதற்கு அட்டையும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை மாட்டி இந்த உரிமையைப் பறிக்கவும் முடியாது. 6ஆவது பிரிவு அதற்கு இடம் தரவில்லை. பொருளின் விலையையும் தன்மையையும் பார்த்துத்தான் தரத்தை எடைபோடுவார்கள் என்பதால், பத்து ரிங்கிட் டார்ச்லைட்டிடம் எதிர்பார்ப்பதும் இரண்டாயிரம் ரிங்கிட் ஃபிரிட்ஜிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல. அந்த ஃபிரிட்ஜ் பதின்மூன்றாம் மாதம் நின்றுபோனால், 12 மாத அட்டை முடிந்துவிட்டதே என்று கைகழுவிவிடாதீர்கள். ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இந்தச் சட்டம் வராது.

"கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்று சொன்னதும் கிளம்பிவிடுவது இன்னொரு தவறு. விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. சரிசெய்யக்கூடிய பழுது என்றால் முதலில் நியாயமான காலத்துக்குள் சரிசெய்து கொடுக்கச் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் வெளியே பழுதுபார்த்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்யவே முடியாத பெரிய பழுதென்றால் பணமோ மாற்றுப் பொருளோ கேட்கலாம். பழுதோடு மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுப் பிறகு திருப்பப் போனால் அந்த உரிமை நழுவிவிடும். இதில்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள், எனக்கு ஆற்றாமையாக இருப்பதும் இதுதான்.

ரசீதை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்புத் தாள் சில மாதத்தில் வெளுத்துவிடும்.

கடை மசியாவிட்டால், பயனீட்டாளர் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் பயனீட்டாளர் திரிபியூனல் இருக்கிறது. மனு கொடுக்க 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பிரச்சினை எழுந்த மூன்று வருடத்துக்குள் போக வேண்டும்.

அக்கா அவ்வளவு தூரம் போகவில்லை. மறுநாள் ரசீதோடு அதே கடைக்குப் போனார். வாரண்டி அட்டையை எடுக்கவே இல்லை. "மூணு வாரத்துல ஜார் ஒழுகுது தம்பி. சட்டப்படி இது கடை பாக்க வேண்டியது, முதலாளிய கூப்பிடுங்க" என்றார். முதலாளி ஜாரைக் கவிழ்த்து, கப்ளரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புது ஜார் எடுத்துவரச் சொன்னார். இந்த முறை கடையிலேயே தண்ணீர் ஊற்றி ஓட்டி, அடியில் டிஷ்யூ வைத்துப் பார்த்து, ஈரமில்லை என்ற பிறகுதான் அக்கா பையில் போட்டார்.