மலை வீதியைக் கடக்கப் பிள்ளைக்குப் பழக்குதல்

இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. ஆகவே நடைபாதை இல்லாத தேயிலைத் தோட்டப் பாதையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடங்கள். பிள்ளை ஓரத்தில், பெரியவர் வீதிப் பக்கம். விரலைப் பிடித்தால் பிள்ளை உருவிக்கொண்டு ஓடிவிடும், மணிக்கட்டைப் பிடியுங்கள்.

எங்கே கடப்பது என்பதுதான் பெரிய விஷயம். 6 மீட்டர் அகல வீதியைக் கடக்கச் சிறு பிள்ளைக்கு ஏறக்குறைய 6 வினாடி வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் கொழுந்து லொறி அதற்குள் ஏறக்குறைய 67 மீட்டர் வந்துவிடும். மழையில் பிரேக் பிடித்தாலும் சறுக்கும். இரு பக்கமும் 100 மீட்டராவது தெரியாத வளைவில் கடக்கவே வேண்டாம். நேரான இடம் வரை நடந்து போங்கள்.

ஓரத்தில் நின்று வலம், இடம், மறுபடி வலம் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டிய வாகனம் வலமிருந்துதான் வரும். பனிமூட்டத்தில் காதும் வேண்டும், குடையைத் தாழ்த்தி முகத்தை மறைக்கக் கூடாது.

பஸ்ஸால் இறங்கியதும் அதன் முன்னால் பாய்வதே மிக ஆபத்து. பஸ் போகட்டும். "இப்ப போகலாமா?" என்று பிள்ளையிடமே கேளுங்கள், ஆனால் பத்து வயது வரை கையை விடாதீர்கள், வேகத்தைக் கணிக்க அந்த வயதில் வராது.