ஓரமாகப் போகாதீர்கள்: இங்கிலாந்தின் கிராமத்து லேன்களில் சைக்கிள் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, பின்னாடி கார் வருது. ஓரமா வந்துடுங்க!"

போன ஞாயிறு காலை, டர்வில் கிராமத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் லேனில், அதாவது குறுகிய கிராமத்துச் சாலையில், எனக்குப் பின்னால் வந்த தம்பி கத்தினான். திரும்பிப் பார்த்தேன். உயிர்வேலியின் முள் சட்டைக் கையை உரசும் அளவுக்கு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தான். ரோடு பைக் எனப்படும் சாலை சைக்கிள் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆரம்பத்தில் நான் ஓட்டியதும் அச்சு அசல் இப்படித்தான். வீடு திரும்பியதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் ஓட்டுவது லண்டனுக்கு மேற்கே, சில்டர்ன் குன்றுகளில். தேம்ஸ் கரையை விட்டு வடக்கே திரும்பினால் ஹாம்பிள்டன், ஸ்கிர்மெட், ஃபிங்கெஸ்ட், டர்வில் என்று பள்ளத்தாக்கோடு ஊர்கள் வரும். டர்விலுக்கு மேலே குன்றில் ஒரு பழைய காற்றாலை நிற்கும். அதையும் தாண்டி மேலேறினால் கிறிஸ்துமஸ் காமன். அதிகாலையில் கிளம்பினால் பத்து மைலுக்கு நாலைந்து வண்டிகளைப் பார்த்தாலே அதிகம். அந்த அமைதியில்தான் தவறுகள் பழக்கமாகிவிடுகின்றன. பத்து முறை தவறாக ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. பதினோராவது முறை வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் இருக்கும்.

ஹெல்மெட் போடுங்கள், கிளம்பும் முன் பிரேக்கைப் பாருங்கள் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவது

நம் ஊரில் குரங்குப் பெடல் போட்ட காலத்திலேயே காதில் ஏறிய பாடம், "ஓரமாப் போ". பஸ் ஹாரன் கேட்டதும் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிடுவோம். அங்கே அது உயிரைக் காத்தது, ஏனென்றால் இறங்குவதற்கு மண் இருந்தது. இங்கே லேனில் தார் முடிகிற இடத்தில் கரை எழும்புகிறது, கரைமேல் ஆளுயரத்துக்கு வேலி. ஒதுங்க இடமே கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஒற்றை வண்டி லேன்கள் பலவற்றின் அகலம் ஏறக்குறைய 3 மீட்டர். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் ஒரு கார் 2 மீட்டர். மிச்சம் 1 மீட்டர். ஹேண்டில்பார், முழங்கை, லேசான தள்ளாட்டம் எல்லாம் சேர்த்து நமக்கே முக்கால் மீட்டர் வேண்டும். இங்குள்ள சாலை விதிக் கையேடான ஹைவே கோட், 30 மைல் வேகம் வரை போகும் வண்டி சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது. வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். ஆக, அந்த இடத்தில் கார் நம்மைப் பத்திரமாகத் தாண்ட வழியே இல்லை. ஆனால் நாம் ஓரம் ஒதுங்கிய அந்தக் கணமே, "இடம் இருக்கு, போங்க" என்று நாமே சொன்னதாக ஓட்டுபவர் எடுத்துக்கொள்கிறார்.

எனக்கு இது 2014 நவம்பரில் நடந்தது. மழை விட்டிருந்தது. பின்னால் கார் சத்தம் கேட்டதும், மரியாதைக்கு என்று நினைத்து வேலியோரம் போனேன். கார் வேகத்தைக் குறைக்காமல் உள்ளே நுழைந்தது. அதன் கண்ணாடி என் வலது முழங்கையில் தட்டியது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தேங்கல், மேலே பழுத்த பீச் (beech) மர இலைகள் மிதந்துகொண்டிருந்தன. வெறும் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். அடியில் தார் விளிம்பு ஒரு சாண் ஆழத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. இந்த லேன்களுக்கு விளிம்புக்கல் கிடையாது. டிராக்டர் டயர் ஏறி ஏறி விளிம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். முன்சக்கரம் அதில் இறங்கி நின்றது, நான் நிற்கவில்லை. இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். சக்கரம் பெண்டு எடுக்கவே முடியாதபடி வளைந்துவிட்டது. கார் போய்விட்டது.

கார் நிற்காமல் போனதுகூட இப்போது மறந்துவிட்டது. அதை "துரதிர்ஷ்டம்" என்று நண்பர்கள் சொன்னதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அது துரதிர்ஷ்டம் இல்லை. நான் போகக் கூடாத இடத்தில் போனேன், அவ்வளவுதான். 29 ஜனவரி 2022 அன்று திருத்திய ஹைவே கோடே, அமைதியான சாலைகளில் உங்கள் தடத்தின் நடுவில் ஓட்டுங்கள், பின்னால் வேகமான வண்டி வந்தால் பத்திரமாக முடிகிற இடத்தில் இடப்பக்கம் நகர்ந்து வழிவிடுங்கள் என்று சொல்கிறது. இப்படி அச்சிலேயே வந்த பிறகும், அனுபவசாலிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் புதியவர்களிடம் "ஓரமாப் போங்க, கார்க்காரங்களைக் கோபப்படுத்தாதீங்க" என்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

வளைவுகளில் இது இன்னும் முக்கியம். இங்கேயும் வண்டிகள் இடப்பக்கம்தான் போகும். சாலை இடது பக்கம் வளையும்போது வேலியை ஒட்டிப் போனால், வேலி உங்களை முழுசாக மறைத்துவிடும். எதிரே வருபவருக்கும் தெரியமாட்டீர்கள், பின்னால் வருபவருக்கும் தெரியமாட்டீர்கள். வேகத்தைக் குறைத்து, சற்று நடுவுக்கு வந்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். வண்டி தெரிந்ததும் இடப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம். வலது பக்கம் வளையும் இடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே இடப்பக்கம் இருந்தால்தான் தூரம் தெரியும், நடுவுக்கு வராதீர்கள். எந்த வளைவானாலும், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம் போதும். மீதிப் பாதி எதிரே வருபவருக்கு.

வெள்ளை வட்டத்தில் சாய்வாக ஒரு கறுப்புக் கோடு போட்ட பலகையைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் குறுகிய லேனிலும் சட்டப்படி 60 மைல், அதாவது ஏறக்குறைய 97 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பெரும்பாலோர் அப்படிப் போவதில்லை. ஆனால் யாராவது ஒருவர் போவார் என்று நினைத்தே ஓட்டுங்கள்.

அப்படியென்றால் கார் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு வரவேண்டுமா? கொஞ்ச தூரம்தான். லேனில் அங்கங்கே பாசிங் பிளேஸ், அதாவது வழிவிட ஒதுங்கும் இடம், இருக்கும். வயல் கேட்டுக்கு முன்னால் கொஞ்சம் தார் விரிந்திருக்கும். அது வரும் வரை நடுவில் நிதானமாகப் போங்கள். ஒருமுறை திரும்பிப் பாருங்கள். முகத்தைக் காட்டினாலே பின்னால் இருப்பவர் பொறுமையாகிவிடுகிறார், இது என் நீண்ட நாள் அனுபவம். இடம் வந்ததும் இடது கையைக் காட்டி, உள்ளே ஒதுங்கி, தேவையானால் காலை ஊன்றி நில்லுங்கள். வழிவிடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எங்கே வழிவிடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

தம்பியிடம் அன்று இதைத்தான் சொன்னேன். "ஹாரன் அடிச்சா என்னண்ணா பண்றது?" என்றான். அடிக்கட்டும், கேட் வரைக்கும்தானே என்றேன்.

டயருக்குள் துழாவாமல் டியூப் மாற்றுவது

பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலியை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வெட்டுக்கருவியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் லேன் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பங்க்சர் ஆனதும் பல சைக்கிள்காரர்கள் அவசர அவசரமாகப் புது டியூப் போட்டுக் காற்றடித்து, அரை மைலுக்குள் மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். டியூபைக் குத்திய முள் டயரிலேயே இருக்கிறது! வெளியே இருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளி மாதிரிதான் தெரியும். கையுறையை உள்பக்கம் ஒரு சுற்றுத் தடவுங்கள், நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலை விடாதீர்கள்.

முள் இல்லையென்றால் சிக்கிமுக்கிக் கல். இந்தக் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் அதிலிருந்து சிக்கிமுக்கிச் சில்லுகள் லேனுக்கு அடித்து வரும். கற்காலத்து ஆட்கள் கத்தியும் அம்புமுனையும் செதுக்கிய அதே கல், டயரின் பக்கச் சுவரை பிளேடு மாதிரி கிழித்துவிடும். கிழிசலுக்கு உள்பக்கமாக ஐந்து பவுண்டு நோட்டை மடித்து வைத்து டியூபைப் போட்டுக் காற்றடித்தால் வீடு வரை தாங்கும். 2016 முதல் அந்த நோட்டு பிளாஸ்டிக்தான். என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும்.

ஒல்லி டயர், கல் மாதிரிக் காற்று

28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் இங்கே வேண்டாம்.

ஈர இலைமேல் பிரேக் பிடிப்பது

இலைக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள்.

குதிரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வருவது

சைக்கிள் சத்தமில்லாதது. அதனால்தான் குதிரை மிரள்கிறது. தூரத்திலிருந்தே ஒரு "ஹலோ" சொல்லுங்கள். மனிதக் குரல் அதற்குப் பழக்கம். குதிரையில் இருப்பவர் பதில் சொன்ன பிறகு, வலப்பக்கமாக நன்றாக விலகி மெதுவாகத் தாண்டுங்கள். இடப்பக்கம் சந்து இருந்தாலும் அதில் நுழையாதீர்கள். ஒற்றை வண்டி லேனாக இருந்தால் அடுத்த கேட் வரை பின்னாலேயே போங்கள்.

ஓட்டிக்கொண்டே பருந்து பார்ப்பது

நின்று பாருங்கள். ரெட் கைட் என்ற இந்தப் பிளவுவால் பருந்து இங்கிலாந்தில் அடியோடு அழிந்துபோய், 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விடப்பட்டது. இப்போது தலைக்கு மேலேயே வட்டமிடும், வால் திரும்புவதுகூடத் தெரியும். அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம், தப்பே இல்லை.

மதியத்துக்கு மேல் விளக்கில்லாமல் கிளம்புவது

டிசம்பரில் 4 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். பீச் மரங்களுக்கு அடியில் 3 மணிக்கே இருட்டு. வெயிலிலிருந்து நிழலுக்குள் வரும் ஓட்டுநருக்கு முதல் சில நொடிகள் கண் தெரியாது. பகலிலும் பின்விளக்கை எரியவிடுங்கள். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பாருங்கள்.