முதல் ஓலைப்பெட்டி: வார்கிறதில்தான் விஷயமே இருக்கிறது

வீட்டில் ஏதாவது கைவேலை பழகலாம் என்று யோசிக்கிறவர்கள் கடையில் பசையும் மினுக்கத்தாளும் வாங்கிக் குவிக்க முதல், திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் தெரிந்தவர் யாரும் இருந்தால் ஒரு பனங்குருத்து கேட்டுப் பாருங்கள். நான் சொல்லப்போவது மூடி இல்லாத, உள்ளங்கை அளவு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். முதல் நாளே கடகம், சுளகு என்று இறங்க வேண்டாம். நான் இறங்கினேன், அந்தக் கடகம் இன்னும் அரைகுறையாக அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

விரியாத குருத்தோலைதான் வேண்டும். விரிந்து முற்றிய ஓலை மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும். வெட்டித் தருகிறவரிடம் ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பனைக்குக் கிளை கிடையாது, வளர்கிற நுனி உச்சியில் ஒன்றே ஒன்றுதான், அதில் கத்தி பட்டால் மரமே போச்சு. ஒரு குருத்தில் நாலைந்து சின்னப் பெட்டிக்குத் தாராளமாகத் தேறும்.

குருத்தை விரித்துப் பிரித்து வெயிலில் மூன்று நான்கு நாள் காய விடுங்கள், ஓலை வெளிறி வரும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் இன்னும் சீக்கிரம் காயும். இரவில் உள்ளே எடுத்து வையுங்கள், பனி படக்கூடாது. கோட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் மதிலுக்குள்ளே காய வைப்பது நல்லது, ஏனென்றால் டவுனுக்குள் திரிகிற மான்கள் ஒருநாள் என்னுடைய பாதிக் குருத்தை நின்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போயின, கோபப்படவும் முடியவில்லை.

இனி ஓலை வார்தல், அதாவது ஓலையை ஒரே அகலத்தில் நீளமாகக் கிழித்தெடுப்பது. பெட்டி சரியாக வருமா வராதா என்பது இங்கேயே முடிவாகிவிடும், இழைக்கிறபோது இல்லை. ஒவ்வொரு ஓலையிலும் நடுவில் ஓடுகிற ஈர்க்கை உரித்து எடுத்தால் இரண்டு பாதி கிடைக்கும். அடியும் நுனியும் ஒடுங்கிப் போகும், அதை விட்டு நடுப்பகுதியில் 1 சென்ரிமீற்றர் அகலமும் ஒரு 50 சென்ரிமீற்றர் நீளமுமாக 20 ஓலை வார்ந்து எடுங்கள். கண்மட்டத்தில் வார வேண்டாம். ஓர் ஓலைக்கு 1 மில்லிமீற்றர் பிழைத்தால் பத்து ஓலைக்கு 1 சென்ரிமீற்றர், என்னுடைய முதல் பெட்டியின் அடி பட்டம் மாதிரிக் கோணிக்கொண்டு வந்தது இதால்தான். சின்ன மரத்துண்டில் இரண்டு சவர பிளேட்டை 1 சென்ரிமீற்றர் இடைவெளியில் இறுக்கிக்கொண்டு, ஓலையை அதற்கூடாக ஒரே இழுவையாக இழுத்தால் எல்லாம் ஒரே அகலத்தில் வரும். விரல் கவனம்.

வார்ந்த ஓலையை நனைத்து ஈரத் துணியில் சுற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் ஒன்றை எடுத்துக் காதுக்குக் கிட்டப் பிடித்து மடியுங்கள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் இன்னும் ஈரம் காணாது; சத்தமே இல்லாமல் துணி மாதிரி மடிந்தால் சரி. கச்சான் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு இழைக்க உட்காராதீர்கள், கையில் இருக்கும்போதே காய்ந்து முறியும். விடியக்காலைதான் தோது. மின்விசிறியையும் நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

சரி, இழைப்போம். பத்து ஓலையை நெடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மற்றப் பத்தையும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று குறுக்கே விடுங்கள். நடுவில் 10 சென்ரிமீற்றர் சதுரம் வரும், நான்கு பக்கமும் ஓலை நீட்டிக்கொண்டு நிற்கும். இடைவெளி தெரியாமல் விரலால் நெருக்கி, ஓரங்களில் உடுப்புக் கிளிப் போட்டுவிடுங்கள். எல்லாரும் இந்தச் சதுரத்தின் மூலைதான் பெட்டியின் மூலை என்று நினைக்கிறோம். இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் நிற்கிற ஐந்தாவது, ஆறாவது ஓலை இரண்டையும் பிடித்து ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குறுக்கே மாற்றுங்கள், அந்த இடத்தில் ஓலை தானாகவே மேலே எழும்பும், அதுதான் மூலை. இடப்பக்க ஐந்தும் வலப்பக்க ஐந்தும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகட்டும், கிளிப் போட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். நான்கு மூலையும் எழும்பிய பிறகு சுவர் சுற்றிவரச் சாய்வாக இழைபடும், கை பழகிவிட்டால் கதைத்துக்கொண்டே செய்யலாம்.

ஆறேழு சென்ரிமீற்றர் உயரம் வந்ததும் ஓலை நுனிகளை மறுபடி நனைத்து, விளிம்பில் மடக்கி, வெளிப்பக்கத்து இழைக்குள் இரண்டு மூன்று கட்டம் செருகிவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். உள்ளே ஒரு பேணியை வைத்து நிழலில் காய விட்டால் வடிவாக நிமிர்ந்து நிற்கும்.

சாயம் போட விருப்பம் என்றால் அது இழைக்க முதல் செய்கிற வேலை: கொதிக்கிற சாயத் தண்ணீரில் ஒரு பிடி உப்புப் போட்டு, வார்ந்த ஓலையை அரை மணித்தியாலம் அவித்து, அலசி, நிழலில் காய வைக்க வேண்டும். அந்தப் பானையில் பிறகு சமைக்க வேண்டாம். அடுத்து பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி இழைக்கப் போகிறீர்களா, அதற்குச் சாயமே வேண்டாம், பிட்டோடு சேர்ந்து வயிற்றுக்குள்தான் போகும்.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் பெட்டியைச் சொப்பிங் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி வந்துவிடும். காற்றுப் படுகிற இடத்தில் ஆணியில் மாட்டிவிட்டு, வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் முற்றத்தில் வையுங்கள். மான் வருகிறதா என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.