எஸ்டா மறுத்துவிட்டார்களா? விசா படிவத்தில் அதை மறைக்காதீர்கள்

லண்டனிலிருந்து லீவில் திருகோணமலைக்கு வந்த மச்சான், உப்புவெளி கடற்கரையில் இருந்தபடியே போனில் எஸ்டாவை (விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் எடுக்கும் முன் அனுமதி) நிரப்பினவர், கைது பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்பதற்குப் பதில் ‘ஆம்’ என்று தட்டி, காசையும் கட்டிவிட்டார். மறுப்பு வந்துவிட்டது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லையாம்!

இப்படி மாட்டினால் பதிலை மாற்றி மாற்றி எஸ்டாவுக்கே திரும்ப விண்ணப்பிக்காதீர்கள், பி-2 சுற்றுலா விசாவுக்குப் போங்கள். அந்த விசாவுக்கான இணைய விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் எஸ்டா மறுக்கப்பட்டதா என்று நேராகவே கேட்பார்கள். அங்கே ‘ஆம்’ போட்டு, கை தவறிய கதையை இரண்டு வரியில் எழுதுங்கள். மறுப்பு அவர்கள் பதிவில் இருக்கும்தானே, மறைத்துப் பிடிபட்டால் நிரந்தரத் தடை வரைக்கும் போகலாம். அந்தப் படிவத்தின் விண்ணப்ப எண்ணை முதலிலேயே குறித்துவையுங்கள், 20 நிமிடம் சும்மா விட்டால் பக்கம் மூடிவிடும். விசாக் கட்டணம் 185 அமெரிக்க டொலர், திரும்பக் கிடைக்காது.

அப்புறம், விசா நேர்முகத்துக்கென்று இரவு ரயிலில் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு லண்டனில் இருப்பவர் அங்கேயே விண்ணப்பிப்பதுதான் சரி. நம்முடைய இலங்கைக் கடவுச்சீட்டுக்கோ எஸ்டாவே கிடையாது, நேரே விசாதான்.