பூக்களின் பள்ளத்தாக்குக்கு முன் ராயக்கோட்டை ஏறுங்கள்

இமயமலைக்கு நடக்கக் கிளம்புகிறவர்கள் மூச்சைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கால் நகத்தை யாரும் நினைப்பதில்லை. உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கில் ஏறும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான் விரல்கள் ஷூ முனையில் இடித்து இடித்து, இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. பனிச்சரிவுக்குக் கீழே ஊதாவும் மஞ்சளுமாய் அத்தனை பூக்கள்! நானோ கால் வலியில் தரையைப் பார்த்தே நடந்தேன். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

புது ஷூவை நம் ஊரிலேயே பழக்கிவிடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை மலைக்கோட்டை, தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை எதுவானாலும் சரி, முதுகில் பையோடு நாலைந்து முறை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது விரல் இடித்தால் அளவு போதவில்லை என்று அர்த்தம். ஷூவை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, கம்பளி சாக்ஸ் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரமானால் சீக்கிரம் காயாது, கொப்புளம் வரும். நகத்தை முன்னதாகவே வெட்டிவிடுங்கள். அப்புறம், இறக்கம் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். இது ஒன்றே பாதி வலியைக் குறைக்கும்.

நம் குன்றுகள் காலைப் பழக்கும், உயரத்துக்குப் பழக்காது. பள்ளத்தாக்கு சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள். பள்ளத்தாக்கினுள் இரவு தங்க அனுமதியில்லை, அதற்கு முந்தைய ஊரான காங்கரியாவில்தான் தங்க வேண்டும். பூக்கள் அதிகம் இருப்பது ஜூலை, ஆகஸ்டில். மழையும் அப்போதுதான், மழைக்கோட்டை மறக்காதீர்கள்.