பின்னத்தை ஏன் தலைகீழாகப் போடுகிறோம்?

"இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு." பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது ஒப்பிக்கத் தெரியும். ஏன் என்று கேட்டால்தான் முழி பிதுங்கும். விதியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு மளிகைக் கடைக்குப் போவோம்.

படி 1: கேள்வியை வாய்விட்டுச் சொல்லுங்கள்

முக்கால் கிலோ காபித்தூள் இருக்கிறது. அரைக்கால் கிலோ பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை வரும்? 3/4 ÷ 1/8 என்பது இந்தக் கேள்விதான்: முக்காலுக்குள் அரைக்கால் எத்தனை தடவை அடங்கும்? கிராமில் பார்த்தால் 750-க்குள் 125. விடை 6. வகுத்தால் எண் சிறுத்துப்போகும் என்று பழகியவர்களுக்கு இது உறுத்தும். பொட்டலம் சிறியது, எண்ணிக்கை கூடுகிறது. வேறு மாயம் இல்லை.

படி 2: பகுதியைச் சமமாக்குங்கள்

மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. 3/4 என்பதை 6/8 என்று எழுதலாம். ஆறு அரைக்காலில் ஓர் அரைக்கால் எத்தனை தடவை? ஆறு தடவை. பகுதி ஒன்றாகிவிட்டால் தொகுதிகளை மட்டும் வகுத்தால் போதும்.

இன்னொன்று: 2/3 ÷ 4/5. பகுதிகளை 15 ஆக்கினால் 10/15 ÷ 12/15. ஆக 10 ÷ 12, சுருக்கினால் 5/6.

இங்கே சற்று நில்லுங்கள். அந்த 10 எப்படி வந்தது? 2 × 5. அந்த 12? 3 × 4. அதாவது 2/3 × 5/4! நாம் ஒப்பித்த விதி இந்த வேலையின் குறுக்குவழிதான். 5/4 என்பது 4/5-இன் தலைகீழி. கர்நாடகத்தில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீரரும் இதே வழியைத்தான் எழுதி வைத்தார்.

படி 3: இனி குறுக்குவழியிலேயே போகலாம்

முழு எண் வந்தால் கீழே 1 போடுங்கள்: 3/4 ÷ 3 = 3/4 × 1/3 = 1/4. கலப்பு பின்னம் (முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தது) என்றால் முதலில் தகா பின்னமாக (தொகுதி பகுதியைவிடப் பெரியது) மாற்றுங்கள். இரண்டரையை ஒன்றேகாலால் வகுக்க, 5/2 ÷ 5/4 = 5/2 × 4/5 = 2.

பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம், முதல் பின்னத்தைக் கவிழ்த்துவிடுவது. எதனால் வகுக்கிறோமோ, அந்த இரண்டாவது பின்னத்தை மட்டும் கவிழ்க்க வேண்டும். அடுத்தது, வகுத்தல் குறி இருக்கும்போதே மேலும் கீழுமாக அடித்துச் சுருக்குவது. பெருக்கலாக மாற்றிய பிறகே அடியுங்கள்.

விடை ஒன்றுக்குக் கீழே வந்தாலும் பதற வேண்டாம். அரை லிட்டர் பாலை முக்கால் லிட்டர் சொம்பில் ஊற்றினால் சொம்பு நிறையாது. 1/2 ÷ 3/4 = 1/2 × 4/3 = 2/3. மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிறையும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மாகாணி என்றால் 1/16. முக்காலில் எத்தனை மாகாணி? 12 வந்தால் சரி.