ஒன்ராறியோவில் சிறு வணிகம் நடத்துவோர் சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

ஸ்காபுறோவில் சிறு கடைகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் மாகாணச் சட்டக் கடமைகளை விளக்கிச் சொல்வது என் வேலை. அண்மையில் இந்தத் துறைக்குப் புதிதாக வந்த இருவருடன் இருந்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே பிழையை இருவரும் அதே சொற்களில் செய்தார்கள். படிவத்தில் கையொப்பம் மறப்பது, திகதியைத் தவறவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் ஒரு தடவைக்கு மேல் செய்வதில்லை.

“20 பேர் இல்லை, ஆகவே சட்டம் இல்லை”

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்ராறியோவின் 2005ஆம் ஆண்டு அணுகல்தன்மைச் சட்டத்தைப் பற்றி எவரிடம் கேட்டாலும் முதலில் வருவது ஓர் எண். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால், தனியார் நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இணக்க அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். 50ஐ எட்டினால் எழுத்து மூலமான கொள்கை, பல்லாண்டுத் திட்டம், இணையத்தள விதிகள் எல்லாம் வந்து சேரும். ஆனால் சட்டம் தொடங்குவது 20இல் அல்ல. ஒரே ஓர் ஊழியர் இருந்தாலே தொடங்கிவிடுகிறது. ஊழியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். சாய்தளமோ மின்தூக்கியோ பழுதானால் அறிவித்தல் போட வேண்டும். சேவை விலங்குடன் வருபவரை உள்ளே விட வேண்டும். 12 பேர் வேலை செய்யும் உணவகத்துக்கும் இவை அத்தனையும் உண்டு.

அந்த 12 பேர் உணவகத்தை நான் அறிவேன். “உங்களுக்கு அறிக்கை தேவையில்லை, அண்ணா” என்று உரிமையாளரிடம் சொன்னவன் நான்தான். சொன்னது உண்மை. அவர் விளங்கிக்கொண்டது வேறு. “வேறு கடமைகள் இருக்கின்றன” என்ற அடுத்த வசனத்தை நான் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து, ஒரு மார்கழி இரவில், பார்வையற்ற பெண்மணி ஒருவர் வழிகாட்டி நாயுடன் வந்தார். வாசலில் நின்ற பையன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள். “நாயை விட்டால் சுகாதாரப் பரிசோதகர் கடையை மூடிவிடுவார்” என்று சொல்லி அவரைப் பனியிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். ஒன்ராறியோவின் உணவு வளாக ஒழுங்குவிதியே, உணவு பரிமாறும் இடத்துக்குள் சேவை விலங்கை அனுமதிக்கிறது. அதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மனித உரிமைகள் தீர்ப்பாயத்திலிருந்து கடிதம் வந்த அன்று உரிமையாளர் என்னை அழைத்தார். “தம்பி, இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அறிக்கைக்குத்தான் எண்ணிக்கை வரம்பு. பாகுபாட்டைத் தடைசெய்யும் ஒன்ராறியோவின் மனித உரிமைகள் சட்டக்கோவைக்கு வரம்பே கிடையாது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழிகாட்டி நாயை மறுப்பதற்குப் பார்வையற்றோர் உரிமைச் சட்டத்தில் 5,000 டொலர் வரை அபராதமும் இருக்கிறது. வழக்கறிஞர் செலவுடன் ஒப்பிட்டால், எல்லா ஊழியர்களுக்கும் ஒரு பிற்பகல் பயிற்சி கொடுப்பது ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்மணி அன்று பேரனின் பிறந்தநாளுக்கு வந்தவர் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் யாராவது “20 பேர் இல்லைத்தானே” என்று தொடங்கினால் எனக்குக் கோபம் வருகிறது.

சட்டத்தை வாசித்துவிட்டு ஒழுங்குவிதியை விட்டுவிடுவது

தரநிலைகளை யார், எப்படி வகுப்பது என்பதுதான் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரும்பாலும் இருக்கிறது. கடைக்காரர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த 191/11ஆம் இலக்க ஒழுங்குவிதியில்தான் பார்க்க வேண்டும். 429/07 என்ற இலக்கத்தை மேற்கோள் காட்டும் பழைய கையேடுகள் இன்னமும் கைமாறுகின்றன. அதன் விதிகள் 2016 ஜூலையிலேயே 191/11க்குள் சேர்ந்துவிட்டன.

2025 ஜனவரி 1

மாகாணம் முழுவதும் அணுகல்தன்மையை எட்டுவதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த இலக்குத் திகதி அது. சட்டம் காலாவதியாகும் திகதி அல்ல.

அந்தரங்கக் கொள்கையை வேறு மாகாணத்திலிருந்து நகலெடுப்பது

பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, கியூபெக் ஆகிய மூன்றுக்கும் தனியார் துறைக்கென்று சொந்த அந்தரங்கச் சட்டங்கள் உண்டு. ஒன்ராறியோவுக்கு அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. இங்கே கடை திரட்டும் வாடிக்கையாளர் விவரங்களுக்கு தனியார் துறைக்கான மத்திய அரசின் அந்தரங்கச் சட்டமான பிபெடா (PIPEDA) பொருந்தும். மருத்துவர், பல் வைத்தியர், மருந்தகம் என்றால் மாகாணத்தின் 2004ஆம் ஆண்டுச் சுகாதாரத் தகவல் சட்டம். ஒரு பல் மருத்துவமனையின் கொள்கையில், முறைப்பாடுகளைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆணையாளருக்கு அனுப்புமாறு அச்சிட்டிருந்ததைக் கண்டேன். தன் பற்களின் எக்ஸ்ரே எங்கே போனது என்று கேட்க விரும்பும் நோயாளிக்கு அது தவறான கதவு. அவர் போக வேண்டிய இடம் ரொறன்ரோவில் உள்ள ஒன்ராறியோ தகவல் மற்றும் அந்தரங்க ஆணையாளர் அலுவலகம்.

மருத்துவக் கடிதம்

உடல்நலக் காரணத்தால் வேலையில் மாற்றம் கேட்கும் ஊழியரிடம் மருத்துவக் கடிதம் கேட்கும்போது, அவரால் எதைச் செய்ய முடியாது, என்ன வசதி தேவை என்று கேளுங்கள். நோயின் பெயரைக் கேட்காதீர்கள்.

மூன்றாம் வாசிப்பு முடிந்ததும் சட்டம் அமலாகிவிட்டது என்று நினைப்பது

மூன்றாம் வாசிப்பு என்பது சட்டமன்றத்தில் சட்டமூலத்தின் கடைசிக் கட்டம். அதன் பிறகு துணைநிலை ஆளுநரின் அரச ஒப்புதல் கிடைத்த பின்னரும், அரசு பின்னர் அறிவிக்கும் பிரகடனத் திகதிக்காகக் காத்திருக்கும் பிரிவுகள் உண்டு. சட்டமூலத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் ‘நடைமுறைக்கு வருதல்’ பிரிவை முதலில் திறந்து பாருங்கள்.